நிலக்கரியும் துறைமுகமும் இல்லாத கோயம்புத்தூர் எப்படித் தொழில் நகரமாயிற்று?

காங்கயம் ஆசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்திற்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களைக் கோயம்புத்தூருக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லவிருக்கிறோம். அதற்கு முன் அந்நகரைப் பற்றிய அறிமுகக் கட்டுரை ஒன்றை நானே எழுதி அவர்கள் கையில் கொடுக்க விரும்புகிறேன்.

எனக்குக் கிடைத்த குறிப்புகள் யாவும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. கரிசல் மண், அதனால் பருத்தி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, அதனால் பஞ்சாலை. பஞ்சாலைகளால் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. இந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கரிசல் மண் கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் உண்டு. கோயம்புத்தூரைச் சுற்றி நிலக்கரி கிடையாது. கடல் அருகில் இல்லை. நொய்யலோ மழைக்காலத்தில் மட்டும் முகம் காட்டும் ஆறு. பெரிய அரசுகளின் தலைநகராகவும் அவ்வூர் இருந்ததில்லை. அப்படியிருந்தும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தொகுதியில் ஏறத்தாழ 21 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த பெரிய நகரத்தொகுதி அதுவே.

ஏன் அங்கே? பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் என்ன உறவு? ஒருநாளில் மாணவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இடங்கள் எவை? அந்த ஊரில் தொழில் செய்தவர்களும் வாழ்ந்தவர்களும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பீளமேட்டு மில்காரர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நூற்பாலைகளில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கட்டுரையை மில்லிலிருந்து தொடங்காதீர்கள். தோட்டத்துக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். நம் கொங்குப் பகுதியில் வானம் பார்த்த நிலத்தைக் காடு என்றும், கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தைத் தோட்டம் என்றும், வாய்க்கால் பாயும் நிலத்தை வயல் என்றும் பிரித்துச் சொல்வது உங்கள் மாணவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் இங்கே மழை குறைவு. எனவே பாறையை வெட்டிக் கிணறு தோண்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை என்னும் இறைப்பு ஏற்றத்தை ஓட்டி நீர் இறைத்தவர்களே பிழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி இங்கு அறிமுகமானபோது அந்த உழைப்புக்கு உரிய விலை கிடைத்தது. வானம் பார்த்த காட்டில் விளைந்த நாட்டுப் பருத்தியைவிட அதன் இழை நீளமானது. ஆனால் அதற்கு நீர்ப்பாய்ச்சல் வேண்டும். கிணறு வைத்திருந்த தோட்டக்காரருக்கு அது காசுப் பயிராயிற்று. கோவில்பட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள வேறுபாட்டின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பருத்தி விளைந்தால் கொட்டை நீக்க ஜின்னிங் ஆலை வேண்டும். பொதி கட்ட அழுத்து இயந்திரம் வேண்டும். அனுப்பி வைக்க ரயில் வேண்டும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் போன இருப்புப்பாதை 1862-ல் போத்தனூர் வழியாக அமைந்துவிட்டது. 1866-ல் நகராட்சி ஏற்பட்டது. அதன் முதல் தலைவரான ராபர்ட் ஸ்டேன்ஸ்தான் 1888-ல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். ஊரார் அதை ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தார்கள். அடுத்த நாற்பதாண்டுகளில் காளீஸ்வரா மில், ரங்கவிலாஸ் மில் என்று ஒரு சில ஆலைகளே எழுந்தன. நீராவியில் ஓட்டுவதற்கு நிலக்கரியைத் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டியிருந்ததே இந்த மந்தத்திற்குக் காரணம். நீங்கள் எழுப்பிய நிலக்கரிக் கேள்வி அந்தக் காலத்து முதலாளிகளையும் வாட்டிய கேள்விதான்.

அந்த முடிச்சை அவிழ்த்தது நீலகிரி. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியதும் மலையிலிருந்து மின்சாரம் கம்பி வழியே இறங்கி வந்தது. ஆலைக்குள் நீராவி எஞ்சினும் நீண்ட சுழல்தண்டுகளும் தேவையற்றுப் போயின. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை சரிந்திருந்தது; நிலத்திலும் வட்டியிலும் போட்டிருந்த பணத்திற்கு வருவாய் குறைந்தது; இறக்குமதித் துணிக்கு வரியும் கூடியிருந்தது. ஆகவே நிலக்கிழார்களும் பஞ்சு வணிகர்களும் அந்தப் பணத்தை மில் பங்குகளில் போட்டார்கள். அந்தப் பத்தாண்டில் அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் வரிசையாக எழுந்த ஆலைகளே பீளமேட்டையும் சிங்காநல்லூரையும் நகரத்தோடு இணைத்தன. முதலீடு பெரும்பாலும் உள்ளூர்ப் பணம் என்பதை அழுத்தமாக எழுதுங்கள். ஆலையில் கிடைத்த இலாபம் வேறு எங்கோ போகாமல் மறுபடியும் இந்த மண்ணிலேயே ஆலையாகவும் பள்ளியாகவும் மாறியதற்கு அதுவே காரணம். பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாகப் பிரித்து ஐந்தாம் பாகத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்கள். அவ்வாண்டிலேயே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியது. 1951-ல் பொறியியல் கல்லூரியும் வந்தது. ஜி.டி. நாயுடுவின் கொடையால் 1945-ல் உருவான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

ஈரக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று வறண்டால் நூல் அடிக்கடி அறும் என்பது உண்மைதான். ஆடி மாதத்துக் கணவாய்க் காற்று எங்களுக்கு உதவியதும் உண்மைதான். ஆனால் கூடத்திற்குள் நீர்த்திவலை தெளித்து ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஆலைகளில் நெடுங்காலமாகவே உண்டு. அதை முதற்காரணமாகச் சொல்ல வேண்டாம்.

ஆவாரம்பாளையம் வார்ப்படம்:

மில்காரர் ஐயா கிணற்றிலிருந்து தொடங்கியது மிகவும் சரி. நான் வார்ப்படப் பட்டறை நடத்துகிறவன். பஞ்சாலைக்கும் பம்புக்கும் உள்ள உறவை நான் சொல்கிறேன்.

மில் ஓடினால் உதிரிப்பாகம் தேயும். தேய்ந்த பல்சக்கரத்தை இங்கிலாந்திலிருந்து தருவிக்க மாதக்கணக்கில் ஆகும். எனவே மில் வாசலைச் சுற்றி லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் முளைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதி நின்றுவிடவே, பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புதிதாகச் செய்யவும் துணிந்தார்கள். போருக்கு முன்பே, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார் இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று குறிப்பிடப்படுகிறது. பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் நிறுவனம் நூற்பு இயந்திரங்களையே செய்யத் தொடங்கியது. 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரைட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. அதன் பிறகு நாட்டின் பல மூலைகளில் நூற்பாலை தொடங்கியவர்கள் இயந்திரத்திற்குக் கோயம்புத்தூரை நாடினார்கள்.

ஆலைக்கு மோட்டாரும் வார்ப்படமும் செய்யத் தெரிந்த கைகளுக்கு எதிரிலேயே மற்றொரு சந்தை இருந்தது. அது பருத்தி விளைந்த அதே தோட்டத்துக் கிணறு. பைக்காரா மின்சாரம் கிராமங்களுக்கும் போகப் போக, கவலை ஓட்டிய எருதுகளை அவிழ்த்துவிட்டு மோட்டார் பொருத்தினார்கள். நீர்மட்டம் கீழே போகப் போகக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள்; ஆழம் கூடக் கூட வலுவான பம்பு தேவைப்பட்டது; பிறகு ஆழ்துளைக் கிணறு வந்து நீர்மூழ்கி மோட்டார் வந்தது. நாடு முழுவதும் ஓடும் வேளாண் பம்புகளில் பெரும்பங்கு இன்று இங்கிருந்து போகிறது.

ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தது 1955-ல் பி. சபாபதி என்பவர். கல்லைக் கையால் சுழற்றிய வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. முதலில் உணவகங்களுக்கும் பின்னர் வீடுகளுக்கும் அது போயிற்று. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மோட்டார் சுற்றத் தெரிந்த ஊரில் பிறந்த பொருள் அது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு அவர்களை அழைத்து வாருங்கள். பேட்டன் என்று நாங்கள் சொல்லும் மாதிரி உருவை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பென்டோனைட் களிமண் கலந்த ஈர மணலைக் கொட்டி இடிப்போம். இரு பாதிகளாகச் செய்த அச்சிலிருந்து பேட்டனை எடுத்துவிட்டால் அதன் வடிவில் வெற்றிடம் நிற்கும். பம்பின் உட்புறம் குழிவாக வர வேண்டுமல்லவா, அதற்காக வறுத்த மணலால் செய்த கோர் ஒன்றை உள்ளே நிறுத்தி, பெட்டிகளை மூடி, உருகிய இரும்பை ஊற்றுவோம். முன்பு கோக் எரித்த குப்போலா உலையில் உருக்கினோம். இப்போது பலரும் மின்தூண்டல் உலைக்கு மாறிவிட்டார்கள். மணலில் ஈரம் சற்றுக் கூடினாலும் ஆவி வெளியேற வழியின்றி வார்ப்பில் துளை விழும். அனுபவமுள்ள மோல்டர் ஒரு பிடி மணலை அள்ளி அமுக்கி, அது உடையும் விதத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்.

வார்த்த பம்பு உடல் அதே இடத்தில் பம்பாகிவிடுவதில்லை. பிசிறு தட்ட ஓரிடம், கடைய ஓரிடம், ஷாஃப்ட் செய்ய ஓரிடம், ஸ்டாம்பிங் தகடு அடிக்க ஓரிடம், செம்புக் கம்பி சுற்ற ஓரிடம் என்று ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி வீதிகளில் அது மொபெட்டின் பின்னால் கட்டப்பட்டு வீடு வீடாகப் போய் வரும். ஒவ்வொரு பட்டறையிலும் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். இந்த ஜாப் ஒர்க் வலைதான் நகரத்தின் உண்மையான ஆலை. கையில் சிறு தொகையும் ஒரு பழைய லேத்தும் இருந்தால் தொழிலாளி முதலாளியாகலாம் என்ற நம்பிக்கையை அது பல தலைமுறைகளுக்குக் கொடுத்தது. மின்வெட்டு வந்தாலும், மின்கட்டணம் கூடினாலும், இரும்பு விலை ஏறினாலும் முதலில் அடிபடுவதும் இந்த வலைதான். 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் எங்கள் வீதியில் பூட்டிய பட்டறைகளில் சில பிறகு திறக்கவே இல்லை.

வரதராஜபுரம் வாசகி:

மேலே இருவரும் எழுதியவை மிகவும் பயனுள்ளவை. ஆயினும் அவற்றில் முதலாளிகளின் பெயர்கள் வருகின்றன. தொழிலாளர்கள் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். நான் பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். ஆசிரியர் ஐயா தம் கட்டுரையில் இந்தப் பகுதியையும் சேர்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரின் பொழுதை மில் சங்குதான் அளந்தது. முதல் ஷிப்டுச் சங்குக்கு எழுந்து, இரண்டாம் ஷிப்டுச் சங்குக்கு உலை வைத்து, அரை இரவு ஷிப்டில் போனவர் வீடு திரும்பும் நேரத்திற்குக் கதவைத் திறந்து வைத்த குடும்பங்கள் சிங்காநல்லூரிலிருந்து உப்பிலிபாளையம் வரை நிறைந்திருந்தன. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை செய்தவர்களின் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும்; வயதான பிறகு அவர்களில் பலருக்கு இருமல் விடாது. நிரந்தரப் பணி கிடைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் மில் வாசலில் பதிலித் தொழிலாளியாகக் காத்து நின்றவர்கள் உண்டு.

வேலை நேரமும் கூலியும் யாரும் தாமாகக் கொடுத்தவை அல்ல. 1930-களிலும் 40-களிலும் என்.ஜி. ராமசாமி போன்றவர்கள் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். அவர் 1943-ல் இளம் வயதிலேயே மறைந்தார். ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8-ஆம் நாள் கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுடைய நினைவிடம் சின்னியம்பாளையத்தில் உள்ளது. அவிநாசி சாலை வழியாக நீங்கள் வந்தால் மாணவர்களை அங்கே இறக்கிக் காட்டுவது கடினமில்லை.

நலிந்த ஆலைகளை 1974-ல் மத்திய அரசு நாட்டுடைமையாக்கித் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற அந்த ஆலைகள் அதன்பின் பழையபடி ஓடவில்லை. தனியார் ஆலைகளும் நகரத்தை விட்டுக் கிராமப்புறங்களுக்குப் போய்விட்டன. அங்கே விடுதியில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். திருமணத்திற்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லிச் சிறுமிகளைச் சேர்த்த திட்டங்களின் கொடுமையும் இந்த வரலாற்றில் உண்டு. மில் இருந்த நிலங்களில் இப்போது வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் கணினித் தொழில் வளர்ந்துள்ளது, அது நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்புகூட முடிக்காத ஒருவர் மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் பெற்று, பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த வேலை எதுவோ, அது அந்த வளாகங்களில் இல்லை.

காங்கயம் ஆசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிணறு, ஆலை, பட்டறை என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த வரிசை இப்போது எனக்குத் தெளிவாகப் புரிகிறது. அம்மா குறிப்பிட்ட சின்னியம்பாளையத்தைப் பயணத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். இத்தனை பெரிய நகரம் தண்ணீருக்கு என்ன செய்தது? நொய்யல் எங்கள் பக்கம் வந்து சேரும்போது அதன் நிலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். மேலே என்ன நடந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

பேரூர் நொய்யல் கரை:

வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறக்கும் ஓடைகள் சேர்ந்து நொய்யலாகின்றன. அது கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் பெருகும் ஆறு என்பதால் நம் முன்னோர் அதை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வெட்டி, குளத்திற்குக் குளம் நிரம்பி வழியும்படி தொடர் அமைத்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டும் அதன் வாய்க்காலும் இன்றும் இருக்கின்றன. கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், அப்பால் குறிச்சி, சிங்காநல்லூர் என்று அந்தத் தொடர் நகரத்தை வளைத்துக் கிடக்கிறது. குளம் நிரம்பினால் பாசனத்திற்கு மட்டுமல்லாமல் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் ஊற்று வரும். மேலே மில்காரர் ஐயா சொன்ன தோட்டத்துக் கிணறுகளில் நொய்யல் கரையோரம் இருந்தவை உயிர்த்திருந்தது இந்தக் குளங்களால்தான்.

நகரம் குடிநீருக்குப் பெரிதும் திண்டாடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோயும் வாட்டியது. 1930-ஐ ஒட்டி மேற்கு மலையிலிருந்து சிறுவாணி நீர் வந்த பிறகே நகரம் நிமிர்ந்தது. அந்த நீர் கேரளப் பகுதியில் உள்ள பள்ளத்தாக்கில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் வருகிறது. பின்னர் பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்தும் நீர் கொண்டுவரப்பட்டது. சிறுவாணியும் பைக்காரா மின்சாரமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்ததைக் கவனியுங்கள். நகரத்தின் வளர்ச்சிக்கு இரண்டையும் கொடுத்தது மலைதான்.

ஆனால் குழாயில் நீர் வந்ததும் குளத்தை மறந்தோம். வாய்க்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டன, கழிவுநீர் குளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது, முலாம் பூசும் பட்டறைகளின் கழிவும் சேர்ந்தது. கீழே திருப்பூரின் சாயக்கழிவு சேர்ந்ததில், பாசனத்திற்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த் தேக்கமாயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே முழுமையான சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. கோயம்புத்தூரின் குளக்கரைகளில் அண்மையில் நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். மக்கள் மாலையில் வந்து அமர்வது மகிழ்ச்சிதான். எனினும் கரையை அழகுபடுத்துவதற்கு முன் உள்ளே வரும் சாக்கடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பயணத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், தென்மேற்கு மழையில் ஆறு ஓடும்போதே வாருங்கள். காலையில் சின்னியம்பாளையத்தைப் பார்த்துவிட்டு ஆவாரம்பாளையம் பட்டறைக்குச் செல்லலாம். நண்பகலில் பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கும் அங்கிருந்து சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கும் வரலாம். அங்கே நீர் தெளிவாக இருக்கும். அதே நீர் உக்கடத்தில் எப்படி மாறியிருக்கிறது என்பதைத் திரும்பும் வழியில் காட்டுங்கள். நேரம் மிஞ்சினால் வெள்ளலூர் வழியே திரும்பலாம். பழங்காலத்து ரோமானிய நாணயங்கள் கிடைத்த ஊர் அது. நகரத்தின் குப்பைக் கிடங்கும் இப்போது அங்கேதான் இருக்கிறது. பட்டறைக்கு வருவதை ஒரு வாரம் முன்னதாக ஆவாரம்பாளையம் நண்பரிடம் தெரிவித்துவிடுங்கள். உலை ஊற்றும் நேரத்தை அவர் சொன்னால் மற்ற இடங்களின் வரிசையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.